தம்பி மோட்டார் ராகால (கூடை) பாராங் (வெட்டுக்கத்தி) இருந்துச்சுன்னு பிடிச்சிட்டாங்க, கோர்ட்ல ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமா?

லயத்துவீட்டு அக்கா
புதன், ராத்திரி 10.50

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க சும்மா படிச்சிட்டு போற ஆளு, எழுதுனதே கிடையாது, இப்ப யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம எழுதுறேன். நாங்க மலேசியா, நெகிரி செம்பிலான்ல பகாவ் பக்கம், முன்ன ரப்பர் தோட்டமா இருந்து இப்ப முழுக்க செம்பனை. தம்பிக்கு 22 வயசு, கொண்ட்ராக்ல செம்பனை மட்டை வெட்டுற வேல, டுரியான் சீசன் வந்தா ஒரு சீன தவுக்கேயோட (முதலாளி) கெபுன்ல (பழத்தோட்டம்) ராத்திரி ஜாகா (காவல்) வேலயும் பார்ப்பான், பழம் ராத்திரிலதானே விழும், யாரும் பொறுக்கிட்டு போயிடக்கூடாதுன்னு அங்கயே கொட்டாய்ல படுத்துக்குவான்.

போன சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணு பதினொண்ணே கால் இருக்கும், வீட்டுலேருந்து கெபுனுக்கு கிளம்புனவன டவுன் தாண்டி ரோட் பிளாக்ல நிறுத்திருக்காங்க. மோட்டார் முன்னாடி ராகால மழைக்கோட்டு, அதுக்கு அடியில பேப்பர்ல சுத்தி பாராங். இது எதுக்குன்னு கேட்டதுக்கு இவன் பயத்துல "ஜாகா-ஜாகா சாஜா"ன்னு சொல்லிருக்கான். அவ்ளோதான், கை விலங்கு மாட்டி பாலாய்க்கு (போலிஸ் ஸ்டேஷன்) கொண்டு போயிட்டாங்க. மறுநாள் ரிமாண்ட், மூணு ராத்திரி லோக்காப்ல இருந்தான். நேத்து சித்தப்பா போயி ஜாமின் கையெழுத்து போட்டு கூட்டிட்டு வந்தாரு. ஐஓ (கேஸ விசாரிக்கிற போலிஸ் அதிகாரி) சொல்றாரு அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வா, செக்ஷன் 6ல சார்ஜ் பண்ணுவோம்னு.

இப்ப வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல் கேஸ்தானே, ஒத்துக்கிட்டா ஜட்ஜ் திட்டிட்டு ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஃபைன் போடுவாரு, லோயர் வெச்சா அதுக்கு மேல செலவுன்னு. அம்மா நகைய எடுத்து வெச்சிட்டாங்க ஃபைன் கட்ட. ஒத்துக்கலாமா? இது யாருக்காவது நடந்திருக்கா?


பாசார் மாலாம் பாய்
புதன், ராத்திரி 11.08

கவலப்படாதீங்க கா. என் கூட்டாளி ஒருத்தன் சண்டை போட்டு பிடிச்சாங்க, ஒத்துக்கிட்டான், ஃபைன் கட்டிட்டு அன்னைக்கு மத்தியானமே வெளிய வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டான். கெஞ்சி பேசுனா விட்டுருவாங்க லா.


பழைய ஜுருபஹாசா
புதன், ராத்திரி 11.41

பாய் தம்பி, உங்க கூட்டாளி கேஸ் என்ன செக்ஷன்னு தெரியாம இப்படி சொல்லாதீங்க, இந்த வார்த்தைய நம்பி ஒரு பையன் உள்ள போயிருவான்.

தங்கச்சி, நான் லோயர் இல்ல, ஆனா 20 வருஷத்துக்கு மேல கோர்ட்ல தமிழ் ஜுருபஹாசாவா நின்னவன், இந்த மாதிரி கேஸ் எத்தனையோ என் வாயால மொழிபெயர்த்திருக்கேன். முதல்ல நகைய பீரோல திருப்பி வைக்கச் சொல்லுங்க. ஐஓ சொல்ற செக்ஷன் 6, 1958ஆம் வருஷத்து சட்டம், மலாய்ல அக்தா பஹான்-பஹான் ககிசான் டான் லெத்துப்பான் டான் செஞ்சாத்தா பெர்பஹாயா, ஆசிட், வெடி, ஆயுதம் மூணும் ஒரே சட்டத்துல. பொது ரோட்டுலயோ பொது இடத்துலயோ நியாயமான காரணம் இல்லாம ஆயுதம் வெச்சிருந்தா 6(1). முன்ன தண்டனை இவ்ளோ இல்ல, பிற்பாடு திருத்தி ஏத்திட்டாங்க, இப்ப குறைஞ்சது 5 வருஷம், கூடுனா 10 வருஷம் ஜெயில், அதோட ரோத்தானும் (பிரம்படி) உண்டு. ஃபைனுங்கிற பேச்சே அந்த செக்ஷன்ல கிடையாது. குறைஞ்சது 5ன்னா ஜட்ஜுக்கே கை கட்டுன மாதிரி, ஒத்துக்கிட்டதுக்காக தண்டனைய குறைக்கிற வழக்கம் உண்டுதான், ஆனா அந்த 5க்கு கீழ இறங்க முடியாது. அழுதாலும் அம்மா மயங்கி விழுந்தாலும் அதான்.

ஒரு காட்சி சொல்றேன், எனக்கு இன்னும் தூக்கத்துல வரும். கூண்டுல பையன் நிப்பான், சார்ஜ் வாசிப்பாங்க, நான் தமிழ்ல சொல்லுவேன். புரியுதா? தலையாட்டுவான். ஒத்துக்கிறியா? தலையாட்டுவான். பிறகு ஜட்ஜ் கேக்கச் சொல்லுவாரு, ஒத்துக்கிட்டா என்ன விளைவுன்னு தெரியுமான்னு, அது சட்டப்படி கேட்டே ஆகணும். அதுக்கும் தலையாட்டுவான். வெளிய யாரோ சொல்லிருப்பாங்க சும்மா ஆமான்னு சொல்லு முடிஞ்சிடும்னு. தண்டனைய நான் மொழிபெயர்த்து முடிக்கிறப்பதான் அவன் முகம் மாறும். என் பக்கம் திரும்பி "அண்ணே, ஃபைன் எவ்ளோன்னு சொல்லல"ன்னு கேட்ட பையனும் உண்டு.

தம்பி எதுக்கு பாராங் கொண்டு போனான்? வேலைக்குத்தானே? அப்படின்னா அது ஒத்துக்கிற கேஸே இல்ல. ஒத்துக்கிட்டு பிறகு "வேலைக்கு எடுத்துட்டு போனேன்"ன்னு சொன்னாகூட அது முழு ஒப்புதல் ஆகாது, கோர்ட் அதை ஏத்துக்காம விசாரணைக்கு போடணும்.


சட்டப்புலி88
வியாழன், காலை 7.15

ஏன் இவ்ளோ பயம்? போலிஸ் வாரண்ட் இல்லாம ராகாவ தோண்டி பார்த்ததே தப்பு. யூடியூப்ல ஒரு லோயர் தெளிவா சொல்றாரு, சட்டவிரோதமா தேடி எடுத்த பொருள கோர்ட்ல காட்டவே முடியாது, கேஸ் அப்படியே விழுந்துரும். அதோட கத்தி வெச்சிருக்குறது ஒரு மனுஷனோட உரிமை, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு சட்டம், உங்க நெகிரில என்ன சட்டம்னு பாருங்க.


பழைய ஜுருபஹாசா
வியாழன், காலை 8.02

புலி தம்பி, நீங்க பாத்தது அமெரிக்கா வீடியோ. என் மருமகன் ஹியூஸ்டன்ல இருக்கான், அதனால அந்த கதையும் கொஞ்சம் தெரியும். அங்கதான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். டெக்ஸாஸ்ல 2017லேருந்து நீட்டு கத்தியகூட பெரியவங்க பெரும்பாலான இடத்துல வெச்சிருக்கலாம், ஐந்தரை அங்குலத்துக்கு மேல போனா பள்ளிக்கூடம், பார் மாதிரி சில இடத்துலதான் தடை. 2021லேருந்து 21 வயசு ஆனவங்க, சட்டம் தடுக்காதவங்களா இருந்தா, பிஸ்தோலையே லைசென்ஸ் இல்லாம இடுப்புல வெச்சிக்கலாம். நியூயார்க்ல அப்படி இல்ல, அங்க கிராவிட்டி கத்தின்னு ஒண்ணு, கைய உதறுனா பிளேடு வெளிய வரும், அதுக்காக மரவேல செய்யிறவங்க, கடைல பெட்டி பிரிக்கிறவங்க எல்லாம் வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டு இருந்தாங்க, 2019லதான் அந்த தடைய எடுத்தாங்க. வாரண்ட் இல்லாம எடுத்தத தூக்கி போடுறதும் அங்கத்து வழக்கம், 1961ல அவங்க சுப்ரீம் கோர்ட் மேப் வழக்குல எல்லா ஸ்டேட்டுக்கும் அத கட்டாயம் ஆக்குச்சு.

இங்க வேற. குற்றவியல் சட்டம் மத்திய அரசாங்கத்து கையில, நெகிரிக்கு ஒண்ணு ஜொகூருக்கு ஒண்ணுன்னு கிடையாது. தப்பான முறையில தேடி எடுத்தாலும் கேஸுக்கு சம்பந்தப்பட்ட பொருளா இருந்தா பொதுவா கோர்ட் ஏத்துக்கும், 1955ல பிரிவி கவுன்சில் குருமா வழக்குல சொன்ன வழிலதான் இங்க இன்னும் போகுது. அதனால "எப்படி எடுத்தாங்க"ன்னு சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க, "எதுக்கு வெச்சிருந்தான்"ங்கிறதுதான் இங்க கேஸு.


சட்டப்புலி88
வியாழன், காலை 8.20

சரி ஐயா. இனிமே வீடியோ போட்டவன் எந்த ஊருன்னு பார்த்துட்டு பேசுறேன் 😅


முனியாண்டி கோயில் தெரு
வியாழன், மத்தியானம் 1.30

எனக்கு நடந்தத சொல்றேன். எங்க தோட்டத்து கோயில் திருவிழாவுக்கு சாமிக்கு புது அரிவாள் அடிக்க குடுத்திருந்தோம், நாலடி உயரம், பளபளன்னு. பட்டறைலேருந்து எடுத்துக்கிட்டு வர்றப்ப காடி பூட்ல போட்டு சிவப்பு துணி போர்த்தி வெச்சிருந்தேன், ரோட் பிளாக்ல பூட்ட திறக்கச் சொன்னாங்க. திறந்தா அந்த மாத்தா (போலிஸ்காரர்) ரெண்டடி பின்னால போயிட்டாரு. நான் சாமி, டோக்கோங், கோயில்னு என்னென்னமோ சொல்றேன், அவரு புதுசு போல, புரியல. பாலாய்க்கு போனோம். கோயில் தலைவர் பட்டறை ரசீதும் திருவிழா பெர்மிட் பேப்பரும் எடுத்துட்டு வந்து காட்டுனாரு, பெரிய சார் ஒருத்தர் பார்த்து சிரிச்சிட்டாரு, வாக்குமூலம் எழுதி வாங்கிட்டு விடிகாலை மூணு மணிக்கு விட்டாங்க. சாமி அரிவாள் அதுவரைக்கும் கவுண்டர் பக்கத்துல சுவத்துல சாஞ்சு நின்னுச்சு, காவல் காக்குற மாதிரி.

அந்த ரசீது மட்டும் இல்லன்னா என் கதை வேற. அக்கா, தம்பி வேலைக்கு போறான்னு எழுத்துல ஏதாவது இருக்கா?


லயத்துவீட்டு அக்கா
வியாழன், ராத்திரி 9.37

எல்லாருக்கும் நன்றி, ஐயா எழுதுனத அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன், அஞ்சு வருஷம்னு கேட்டதும் உக்காந்துட்டாங்க.

எழுத்துல பெருசா ஒண்ணும் இல்ல, தவுக்கே கையில காசு குடுப்பாரு. மட்டை வெட்டுற வேலைக்கு மண்டோர் (மேஸ்திரி) நோட்டுல பேர் இருக்கும்.

ரெண்டு விஷயம் நான் சொல்லாம விட்டுட்டேன், இப்ப சொல்றதுதான் நல்லதுன்னு தோணுது. முதலாவது, வியாழக்கிழமை, அதாவது பிடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, டவுன் ஒட்டுக்கடைல தம்பியோட கூட்டாளிக்கும் வேற பசங்களுக்கும் சண்டை, நாற்காலி எல்லாம் தூக்கிருக்காங்க, தம்பி அங்க உக்காந்திருந்தான், அடிக்கலன்னு சத்தியம் பண்றான். ஐஓ அத பத்தி ரொம்ப கேட்டாராம், நீ பழிவாங்கத்தானே போனன்னு. ரெண்டாவது, போன வருஷம் இவனும் கூட்டாளிங்களும் பாராங்க தோள்ல வெச்சிக்கிட்டு ஏதோ பாட்டுக்கு டிக்டாக் போட்டிருக்காங்க. விளையாட்டுக்குத்தான். போன் இப்ப போலிஸ்கிட்ட இருக்கு. என் போன்லேருந்து அவன் அக்கவுண்டுக்கு போயி அத அழிச்சிடலாமா?

இன்னொண்ணு, பாலாய்ல வாக்குமூலம் எழுதி கையெழுத்து வாங்கிருக்காங்க, படிச்சு பாத்தியாடான்னா இல்ல, சைன்னு சொன்னாங்க, போட்டேங்குறான்.


பழைய ஜுருபஹாசா
வியாழன், ராத்திரி 11.15

தங்கச்சி, அழிக்காதீங்க. கைய வைக்காதீங்க. கேஸ் நடக்குறப்ப ஆதாரத்த அழிக்கிறது பீனல் கோட் 201ல தனி குற்றம், இப்ப தம்பி மட்டும் இருக்கான், பிறகு நீங்களும் பக்கத்துல நிப்பீங்க. தோட்டத்து பசங்க பாராங்கோட போட்டோ எடுக்குறது புதுசா, என் அப்பா பால்வெட்டு கத்தியோட ஸ்டூடியோல நின்னு எடுத்த படம் வீட்டுல தொங்குது. லோயர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, டிபிபி (அரசாங்க வக்கீல்) காட்டித்தான் லோயருக்கு தெரியணும்னு வெக்காதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

சட்டத்துல ஆயுதம்னா என்னன்னு எழுதிருக்குற விதமே அகலம், ஆயுதமா பயன்படுத்துனா காயம் உண்டாக்கக்கூடிய எந்த கருவியும் அதுக்குள்ள வரும். ஸ்குருடிரைவர்கூட வரலாம். அதனால பாராங் ஆயுதமே இல்லன்னு வாதாடி பிரயோஜனம் இல்ல. ரோடு பொது இடம், அதுவும் சந்தேகம் இல்ல. மிச்சம் இருக்குறது ஒண்ணே ஒண்ணு, நியாயமான காரணம். அத காட்டுற பொறுப்பு நம்ம தலைலதான் விழும். ஆனா சந்தேகத்துக்கு இடமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல, அது டிபிபிக்கு உள்ள சுமை. நம்ம பக்கம், இருக்குறத வெச்சு பார்த்தா அப்படித்தான் இருந்திருக்கும்னு கோர்ட் நினைக்கிற அளவுக்கு போதும்.

அந்த "ஜாகா-ஜாகா" தான் எனக்கு உறுத்துது. உங்க தம்பி சொன்ன வார்த்தை என்னன்னு உக்கார வெச்சு நிதானமா கேளுங்க. மலாய்ல ஜாகான்னா காவல் காக்குறது. ஜாகா டுரியான்னா டுரியான் காவல். அதையே ரெட்டையா ஜாகா-ஜாகான்னு சொன்னா அர்த்தம் புரண்டுரும், எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு, எவனாவது வந்தா பார்த்துக்கலாம்னு ஆயிடும். நம்ம ஆளுங்க தமிழ்ல ஜாகா வேல, ஜாகாக்காரன்னு பேசி பழகுனவங்க, பயத்துல நாக்கு குழறி ஜாகா ஜாகான்னு சொல்லிருப்பான், நோட்டுல எழுதுனவரு தான் கேட்டத எழுதிருப்பாரு. ஒரு வார்த்தை ரெட்டையா விழுந்ததால காவல்காரன் சண்டைக்காரன் ஆயிட்டான். நான் இத கற்பனையா சொல்லல, இந்த மாதிரி வார்த்தைல தடுக்கி விழுந்த கேஸ் என் காலத்துல பார்த்திருக்கேன், மொழிபெயர்க்கிறவன் அங்க நிறுத்தி ஜட்ஜுக்கு விளக்கலன்னா போச்சு.

தற்காப்புக்கு வெச்சிருந்தேன்னு மட்டும் யாரும் சொல்லிக் குடுக்காதீங்க. ஊர்ல பயமா இருக்கு, கூட்டமா வருவாங்க, அதனால பாராங்குன்னு சொன்னா பொதுவா அது எடுபடாது, சும்மா பயத்துக்கு ஆயுதத்தோட ரோட்டுல போறதத்தான் இந்த சட்டம் தடுக்குது. தற்காப்பு உரிமை பீனல் கோட் 96லேருந்து 106 வரைக்கும் இருக்கு, அது ஒருத்தன் நம்ம மேல பாயிற நேரத்துக்கு, அதுவும் தேவைக்கு மேல அடிக்கக்கூடாதுங்கிற கட்டுப்பாட்டோட. முன்கூட்டியே ராகால போட்டுக்கிட்டு போறதுக்கு அது லைசென்ஸ் இல்ல.

வாக்குமூலம் விஷயம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ல எடுக்குறது, அத எந்த மொழில சொன்னானோ அந்த மொழில படிச்சு காட்டி திருத்த வாய்ப்பு குடுத்துதான் கையெழுத்து வாங்கணும். தன்ன குற்றத்துல மாட்டி விடுற கேள்விக்கு பதில் சொல்லாம இருக்கவும் உரிமை உண்டு, பசங்களுக்கு அது தெரியாது. ஆனா ரொம்ப பதறாதீங்க, 2007லேருந்து போலிஸ்கிட்ட குடுத்த வாக்குமூலத்த டிபிபி நேரா ஆதாரமா வைக்க முடியாது, சில விதிவிலக்கு இருக்கு. ரோட்டுல வாயால சொன்னதுக்கும் அந்த பாதுகாப்பு கிடைக்குமான்னு லோயர் வாதாடுவாரு. எப்படி இருந்தாலும் தம்பி கதை ஒண்ணா இருக்கணும், உண்மையா இருந்தா ஒண்ணாத்தான் இருக்கும்.


செம்பனை மண்டோர்
வெள்ளி, காலை 6.20

குலுவாங் பக்கம் மண்டோர் வேல பாக்குறேன். ஐயா சட்டம் சொல்லிட்டாரு, நான் கையில உள்ளத சொல்றேன்.

அந்த பாராங் எப்படி இருந்துச்சு? வேல செய்யிற பாராங்குக்கு ஒரு மூஞ்சி உண்டு. செம்பனை சாறு காஞ்சு கருப்பா பட்டை கட்டிருக்கும், வாய்ல கல்லு பட்ட பல்லு இருக்கும், பிடில ரப்பர் டியூப் சுத்திருப்பாங்க, கை வேர்த்து அது வழவழன்னு ஆயிருக்கும். தினம் தீட்டி தீட்டி நடுவுல பள்ளம் விழுந்திருக்கும். சண்டைக்குன்னு வாங்குனது அப்படி இருக்காது, ஸ்டிக்கர் பிசின்கூட போயிருக்காது. போலிஸ் எடுத்த போட்டோவ லோயர் வாங்கி பெருசு பண்ணி பாக்கட்டும். அப்புறம் மண்டோர் நோட்டு, எந்தெந்த நாள் வேலைக்கு வந்தான்னு, அந்த பக்கத்த காப்பி எடுங்க. மண்டோர் பயப்படுவாரு, கோர்ட்டுக்கு வரணுமேன்னு. நல்லா பேசி கேளுங்க, ஆள் இல்லாத கடுதாசிக்கு மதிப்பு கம்மி.

ஒண்ணு சொல்லட்டா, கோவிக்கக்கூடாது. எல்லா பசங்களும் வேலைக்குத்தான் கொண்டு போறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என் ஆளுங்கள்லயே சிலர் ராகால பாராங் இருந்தா ஒரு கெத்துன்னு ஞாயித்துக்கிழமையும் போட்டுக்கிட்டு டவுனுக்கு போவாங்க. அவனுங்களால வேலைக்கு போறவனும் மாட்டுறான்.


தாத்தா பேரன்
வெள்ளி, காலை 10.44

இடையில புகுந்து கேக்குறேன் மன்னிச்சுக்குங்க. எங்க தாத்தா காட்டுப்பன்னி அடிக்க வெச்சிருந்த பழைய பக்காக்குக் (நாட்டுத் துப்பாக்கி) பரண்ல இருக்கு, துரு பிடிச்சு கெடக்கு. இதுவும் இந்த சட்டத்துலயா வரும்? பேசாம ஆத்துல போட்டுடவா?


பழைய ஜுருபஹாசா
வெள்ளி, மத்தியானம் 12.10

பேரன், அது வேற உலகம். பாராங் வீட்டுல சமையல்கட்டுல இருக்கலாம், அது குற்றம் இல்ல, பட்டன் அமுக்குனா வெளிய வர்ற கத்தி மாதிரி அட்டவணைல பேர் போட்ட ஆயுதங்கள்தான் செக்ஷன் 7ல வீட்டுல இருந்தாலும் குற்றம். ஆனா துப்பாக்கி, அதுவும் கைல செஞ்ச பக்காக்குக், 1971ஆம் வருஷத்து சுடும் ஆயுத சட்டத்துல சட்டவிரோதமா வெச்சிருந்தாலே 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் ஆறுக்கு குறையாம. நீங்களே தூக்கிக்கிட்டு ரோட்டுல போகாதீங்க, ஆத்துலயும் போடாதீங்க. ஒரு லோயர பார்த்து அவர் மூலமா ஒப்படைக்கிற வழிய கேளுங்க. இன்னைக்கே. தனி தலைப்புல எழுதுங்க, இங்க அக்கா கேஸ் ஓடட்டும்.

அக்காவுக்கு. மண்டோர் சொன்னது அத்தனையும் தங்கம். அதோட இதையும் செய்யுங்க, நாள் கடத்தாம. தவுக்கேகிட்ட போயி தம்பி சீசன்ல ஜாகாவா வர்றான், அன்னைக்கு ராத்திரியும் வர வேண்டியவன்னு கேளுங்க, வாட்ஸ்அப்ல ஏதாவது வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தா அவர் போன்ல இருக்கும், அவர் அழிக்காம இருக்கச் சொல்லுங்க. கொட்டாய போட்டோ எடுங்க, பாய், கொசுவலை, டார்ச், பழம் போடுற கூடை எல்லாம். ரோட் பிளாக் இருந்த இடத்துலேருந்து கெபுன் எந்த பக்கம், ஒட்டுக்கடை எந்த பக்கம்னு ஒரு படம் வரைங்க. கடைக்கு எதிர்த்திசைல போயிருந்தான்னா பழிவாங்க போனாங்கிற பேச்சே நிக்காது. ஒட்டுக்கடை சிசிடிவி இருக்கான்னு கேளுங்க, அந்த பெட்டில பழசு மேலயே புதுசு ஏறி அழிஞ்சிடும், ரெண்டு மூணு வாரம் நின்னா அதிகம்.

லோயர் காசுக்கு பயப்படாதீங்க. ஒய்பிஜிகே, அதான் யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, இந்த மாதிரி குற்றவியல் கேஸுக்குன்னே இருக்கு, வருமானம் குறைஞ்ச குடிமக்களுக்கு லோயர் போட்டு தருவாங்க. ரிமாண்ட் அன்னைக்கே கேட்டிருக்கலாம், பிடிச்ச உடனே லோயருக்கும் வீட்டுக்கும் தகவல் சொல்ல விடணும்னு சட்டம் இருக்கு. சரி, போனது போகட்டும். சார்ஜ் பண்ணுன பிறகு 10 வருஷம் வரைக்கும் உள்ள குற்றம்னா ஜாமின் தானா கிடைக்காது, ஜட்ஜ் மனசுதான், அதனால சித்தப்பா ஐசியோட (அடையாள அட்டை), காசோட ரெடியா இருக்கட்டும், லோயர் பேசுவாரு. விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதே நடைமுறைச் சட்டம் 51Aல போலிஸ் ரிப்போர்ட், டிபிபி காட்டப் போற பேப்பர் எல்லாம் நமக்கும் தரணும். அத படிச்சிட்டு லோயர் டிபிபிக்கு ஒரு ரெப்ரெசென்டேஷன் எழுதுவாரு, இந்த பையன் வேலைக்குத்தான் போனான், இதோ ஆதாரம், சார்ஜ வாபஸ் வாங்குங்க இல்ல மாத்துங்கன்னு. கிடைக்கும்னு உறுதி இல்ல, ஆனா நல்ல பேப்பரோட போன ரெப்ரெசென்டேஷன் ஜெயிச்சத பார்த்திருக்கேன்.


பாசார் மாலாம் பாய்
வெள்ளி, மத்தியானம் 12.31

அக்கா சாரி. கூட்டாளிகிட்ட கேட்டேன், அவன் கேஸ்ல கத்தியே இல்லயாம், கைகலப்புதான். நான் தெரியாம சொல்லிட்டேன்.


லயத்துவீட்டு அக்கா
மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, சாயங்காலம் 5.05

பாய், பரவால்ல.

நிலவரம் எழுதுறேன், நிறைய பேர் பிரைவேட்ல கேட்டீங்க. ஒய்பிஜிகே மூலமா ஒரு பொண்ணு லோயர் கிடைச்சாங்க, சின்ன வயசு, ஆனா கேள்வி கேக்குறதுல போலிஸ விட கூர். தம்பிய உக்கார வெச்சு அன்னைக்கு ராத்திரி என்ன சொன்னன்னு ஏழு தடவ கேட்டாங்க. ஏழு தடவையும் இவன் "நாக் பெர்கி ஜாகா"ன்னு (காவலுக்கு போறேன்னு) ஆரம்பிச்சு, போலிஸ் டார்ச் முகத்துல அடிச்சதும் ஜாகா, ஜாகா சாஜான்னு திக்குனேன்னுதான் சொல்றான். ஐயா சொன்னத நான் சொன்னதும் லோயர் பேனாவ வெச்சிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க, யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்க.

போன வாரம் சார்ஜ் வாசிச்சாங்க. தம்பி ஒத்துக்கல, விசாரணை வேணும்னு சொன்னான், குரல் நடுங்குச்சு ஆனா சொல்லிட்டான். ஜாமின் கிடைச்சிடுச்சு, அம்மா நகைல பாதி அதுக்கு போச்சு. அடுத்த மென்ஷன் (கோர்ட் தேதி) ரெண்டு மாசம் கழிச்சு. லோயர் ரெப்ரெசென்டேஷன் எழுதிட்டு இருக்காங்க. மண்டோர் முதல்ல முடியாதுன்னாரு, அம்மா போயி அவர் வீட்டு வாசல்ல உக்காந்ததும் நோட்டையே தூக்கி குடுத்துட்டாரு. தவுக்கே போன்ல அன்னைக்கு சாயங்காலம் தம்பி அனுப்புன வாய்ஸ் இருக்கு, "பாஸ் மாலாம் நி சாயா மாசோக்"னு, பாஸ் இன்னைக்கு ராத்திரி வேலைக்கு வர்றேன்னு. சிசிடிவி அழிஞ்சு போச்சு, ஐயா சொன்ன அன்னைக்கே போயிருக்கணும், நான் ரெண்டு நாள் தள்ளி போனேன், கடைக்காரர் முந்தா நேத்துதான் போச்சுன்னு கைய விரிச்சாரு.

தம்பி மறுபடி வேலைக்கு போறான். மட்டை வெட்டுற பாராங் மண்டோர் ஸ்டோர்லயே இருக்கு, காலைல எடுத்து சாயங்காலம் அங்கயே வெக்கணும். கெபுனுக்கு தவுக்கே புதுசா ஒரு பாராங் வாங்கி கொட்டாய் தூண்ல ஆணி அடிச்சு மாட்டிட்டாரு, ரசீத எனக்கு போட்டோ எடுத்து அனுப்புனாரு, கேக்காமலே. ராகால இப்ப மழைக்கோட்டும் அம்மா ஊத்தி குடுக்குற தேத்தண்ணி பிளாஸ்கும்தான். அன்னைக்கு அதே இடத்துல மறுபடி ரோட் பிளாக் போட்டிருந்தாங்களாம், மழைக்கோட்ட தூக்கி பார்த்துட்டு போன்னு விட்டாங்களாம். பிளாஸ்க திறந்தும் பார்த்தாங்களாம்.